சவாஜ், ப்ளூ டி ஷனெல், ஒய்: மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே மணக்கின்றன, எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக டியோடரன்ட் மட்டுமே பயன்படுத்தி வந்த நான், அலுவலகத்துக்கும் மாலை நிகழ்ச்சிகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் நல்ல வாசனைத் திரவியம் ஒன்றை வாங்க விரும்புகிறேன். யாரிடம் விசாரித்தாலும் டியோரின் சவாஜ், ஷனெலின் ப்ளூ டி ஷனெல், ஈவ் சான் லோரானின் ஒய் ஆகிய மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கடையில் மூன்றையும் காகிதப் பட்டைகளில் அடுத்தடுத்துத் தெளித்து முகர்ந்து பார்த்தேன். முதலில் எலுமிச்சை இனப் பழங்களின் புத்துணர்ச்சி, பிறகு சோப்பை நினைவூட்டும் தூய்மை, அதற்கு அடியில் உலர்ந்த மரத்தின் வாசனை என்று மூன்றும் ஒரே வழியில் செல்வதாகவே எனக்குப் பட்டது. ஐந்தாறு முறை மாற்றி மாற்றி முகர்ந்த பிறகு எந்தப் பட்டை எதனுடையது என்பதே தெரியாமல் போய்விட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அன்று சவாஜை மணிக்கட்டிலும் தெளித்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் மணம் முற்றிலும் மறைந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். ஆனால் மாலையில் வீடு திரும்பியபோது, வாசலிலேயே மணம் தூக்கலாக வருகிறது என்று என் மனைவி சொன்னார். இவை மூன்றும் உண்மையிலேயே ஒத்தவைதானா, அல்லது என் மூக்குக்குத்தான் பழக்கம் போதவில்லையா? ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம், பர்ஃபம் என்று பிரித்திருப்பது அடர்த்தியை மட்டும் குறிப்பதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

உங்கள் மூக்கில் குறையேதும் இல்லை. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, அந்தக் குடும்பச் சாயலைத்தான் நீங்கள் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ப்ளூ டி ஷனெல் 2010இலும், சவாஜ் 2015இலும், ஒய் 2017இலும் வெளிவந்தன. சிட்ரஸ் பழங்களின் பிரகாசமான தொடக்கமும், தூய்மையான மர, அம்பர் வாசனையில் முடியும் அடித்தளமும் கொண்ட இந்த அமைப்பு, கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஆண்களுக்கான திரவியங்களில் கோலோச்சி வருகிறது.

இந்தச் சாயலுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று ஆம்ப்ராக்ஸான் என்ற மூலப்பொருள். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரீஸ் என்ற பொருளுக்கு மணம் தருகிற சேர்மத்தையே இன்று ஆய்வுக்கூடத்தில், பெரும்பாலும் கிளாரி சேஜ் செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியோலிலிருந்து, உருவாக்கிக்கொள்கிறார்கள். சவாஜைப் படைத்த பிரான்சுவா தெமாஷி இதை ஒளித்து வைக்காமல் முன்னிறுத்தினார். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழமும் சிச்சுவான் மிளகும் முதலில் பளீரென்று எழுந்து அடங்கியபின் நாள் முழுவதும் நிற்பது பெரும்பாலும் இதுதான். எலுமிச்சை இன எண்ணெய்களில் மிகுந்திருக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை 136, ஆம்ப்ராக்ஸானுடையதோ 236. இலேசான முன்னது நிமிடங்களில் ஆவியாகிவிட, கனமான பின்னது தோலிலும் துணியிலும் மணிக்கணக்கில் தங்குகிறது.

உங்கள் இரண்டாவது குழப்பத்துக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. ஒரே மணம் மூக்கருகில் இடைவிடாமல் இருந்துகொண்டிருந்தால், அதை உணர்வதை மூளை குறைத்துக்கொள்கிறது. ஆம்ப்ராக்ஸான், மரவாசனை தரும் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள், சிலவகைக் கஸ்தூரிச் செயற்கைப் பொருள்கள் ஆகியவற்றில் இது விரைவில் நேர்வதைப் பலரிடம் காணலாம். சிலரோ அவற்றில் சிலவற்றைப் பிறவியிலிருந்தே மங்கலாகத்தான் உணர்கிறார்கள். ஆகவே மணம் போய்விட்டது என்று எண்ணி மேலும் மேலும் தெளித்துக்கொள்ளாதீர்கள். தங்களுக்கே தெரியாமல் அறை முழுவதையும் நிரப்பிவிடுபவர்கள் பெரும்பாலும் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் மூன்றும் ஒன்றுபோல என்ற முடிவோடு விட்டுவிடுவது ப்ளூ டி ஷனெலுக்குச் செய்யும் அநீதியாகும். ஒரு மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். ஷாக் போல்ஜ் படைத்த அந்தத் திரவியத்தின் நடுவில் இஞ்சியும், அதற்கடியில் குந்திரிக்கப் புகையின் மெல்லிய இழையும் தேவதாருவும் சந்தனமும் வந்து சேரும். சவாஜில் அந்தப் புகை கிடையாது, அங்கே இருப்பது மிளகின் காரமும் உலோகத்தைப் போன்ற ஒரு கூர்மையும்தான். தொமினிக் ரோப்பியோன் உருவாக்கிய ஒய்யின் ஓ டி பர்ஃபம் வடிவத்தில் பச்சை ஆப்பிளும் இஞ்சியும் சேஜும் முன்னே நிற்கின்றன. மூன்றிலும் இனிப்பு மிகுந்தது அதுவே, இளையவர்களுக்குப் பெரிதும் பிடிப்பதும் அதனால்தான் என்று கருதுகிறேன்.

உண்மையிலேயே நெருங்கிய ஒற்றுமையைக் காண வேண்டுமானால் பிராடாவின் லூனா ரோசா கார்பனைச் சவாஜுக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். 2017இல் தானியேலா ஆந்திரியே படைத்தது அது. பெர்கமாட், லாவெண்டர், ஆம்ப்ராக்ஸான் என்று எலும்புக்கூடு ஏறக்குறைய அதுவேதான், ஆனால் சவாஜின் முரட்டுத்தனம் குறைந்து சோப்பின் மென்மை கூடியிருக்கும். சவாஜ் பிடித்திருந்தும் எல்லோரும் அதையே அணிகிறார்களே என்று தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அல்பெர்த்தோ மொரியாஸ் படைத்த வெர்சாச்சே டிலான் ப்ளூவும் (2016) இதே தெருவில் குடியிருப்பதுதான், நீர்த்தன்மை சற்றுக் கூடுதல்.

இப்படிப்பட்ட ஒற்றுமையைக் காப்பியடித்தல் என்று பலர் உடனே தீர்ப்பெழுதிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 1982இல் வந்த டிரக்கார் நுவார் என்ற ஆண்களுக்கான திரவியத்தில், புத்துணர்ச்சியான மணம் தரும் டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருள் தாராளமாக இருந்தது. அதே பொருளின் துணையோடுதான் பியேர் பூர்தோன் 1988இல் தாவிடாஃபின் கூல் வாட்டரைப் படைத்தார், அதன்பின் ஆண்களுக்கான திரவியங்களின் முகமே மாறிப்போனது. புதிய மூலப்பொருள் ஒன்றின் சுவை தெரிந்தபிறகு எல்லோரும் அதைச் சுற்றிவருவது இந்தக் கலையில் வழக்கமாக நடப்பது.

மூன்றாம் மறுமொழி

அடர்த்தி பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். ஓ டி பர்ஃபமில் நறுமண எண்ணெயின் பங்கு பொதுவாக அதிகம் என்பது சரிதான். ஆனால் அந்த அளவை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக வரையறுக்கும் விதி இல்லை. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு வடிவமும் தனித்த சூத்திரம் என்பது. சவாஜின் ஓ டி பர்ஃபம் (2018) வெனிலா சேர்ந்து வழவழப்பானது. 2021இல் வந்த எலிக்ஸிர் வடிவத்தில் பட்டையும் ஜாதிக்காயும் ஏலமும் அதிமதுரமும் மேலோங்கிவிட, பெயர் மட்டும் ஒன்றாயிருக்கும் வேறொரு திரவியம் என்றே அதைச் சொல்லலாம். 2018இல் வெளியான ப்ளூ டி ஷனெல் பர்ஃபமில் சந்தனமே ஆட்சி செய்கிறது. எனவே ஒரு வடிவத்தை முகர்ந்துவிட்டு இன்னொன்றை வாங்காதீர்கள்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். டியோருக்கே ஓ சவாஜ் என்ற பழம்பெரும் திரவியம் ஒன்று உண்டு. எட்மோன் ருத்னிட்ஸ்கா 1966இல் படைத்த அதற்கும் இன்றைய சவாஜுக்கும் மணத்தில் உறவே இல்லை. இணையத்தில் வாங்கும்போது பெயரை இருமுறை படியுங்கள்.

நான்காம் மறுமொழி

காகிதப் பட்டை, பிடிக்காதவற்றை விலக்குவதற்கு மட்டுமே உதவும். தோலின் வெப்பமும் எண்ணெய்ப்பசையும் அதில் இல்லை. மேலும் கடையில் நீங்கள் முகர்வது முதல் பத்து நிமிடங்களின் மணத்தை மட்டுமே. இந்த மூன்றும் மிகமிக ஒத்திருப்பதும் அந்தப் பத்து நிமிடங்களில்தான். சிறு மாதிரிக் குப்பிகளைப் பெற்று, ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் அணிந்து பாருங்கள். தெளித்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து, நான்கு மணி நேரம் கழித்து என்று மூன்று முறை தோன்றியதை எழுதி வையுங்கள். மூக்கு சோர்ந்துபோனால் காப்பிக்கொட்டையைத் தேட வேண்டியதில்லை, வெளியே சென்று சற்று நேரம் நல்ல காற்றைச் சுவாசித்தாலே போதும்.

மணம் மறைந்துவிட்டதா, மூக்குதான் பழகிவிட்டதா என்பதை அறிய நான் கையாளும் வழி ஒன்று உண்டு. ஒரு கைக்குட்டையில் ஒருமுறை தெளித்து வேறோர் அறையில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து உள்ளே நுழைந்து பாருங்கள். துணியில் மணம் தோலைவிட நீடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனினும் அடித்தளம் எத்தகையது என்பது அப்போது தெளிவாகத் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பொறுமையோடு எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. மாதிரிக் குப்பிகளைப் பெற்று, நீங்கள் சொன்னபடியே ஒரு நாளைக்கு ஒன்றாக அணிந்து குறிப்பெழுதினேன். சவாஜ் இம்முறையும் நாற்பது நிமிடத்தில் எனக்கு மறைந்துவிட்டது. ஆனால் வேறோர் அறையில் வைத்திருந்த கைக்குட்டையில் மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் கதவைத் திறந்தவுடனேயே மணம் வந்தது. அன்று என் மனைவி சொன்னது சரி என்பதை ஒப்புக்கொண்டேன். லூனா ரோசா கார்பன் எனக்குப் பிடித்திருந்தாலும் அதுவும் அதே வேகத்தில் என் மூக்கிலிருந்து விலகியது. ஒய்யின் ஆப்பிள் இனிப்பு வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது, எனக்குத்தான் நண்பகலுக்குள் சலித்துவிட்டது.

ப்ளூ டி ஷனெல் ஓ டி பர்ஃபமில், இரண்டாம் மறுமொழி குறிப்பிட்ட குந்திரிக்கத்தை முதல் மணி நேரத்தில் தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை. பிற்பகலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது, தேடாமலேயே சட்டைக் கழுத்திலிருந்து அது எழுந்து வந்தது. இதுவரை காகிதப் பட்டையில் ஒருமுறைகூட நான் உணராத மணம் அது. 50 மில்லி குப்பியாக அதையே வாங்கிவிட்டேன். மூக்கருகே வேண்டாம் என்று கழுத்தின் பின்புறத்தில் இரண்டே முறை தெளித்துக்கொள்கிறேன். சந்தனம் மேலோங்கிய பர்ஃபம் வடிவத்தை இன்னும் முகர்ந்து பார்க்கவில்லை, அடுத்த மாதிரிக் குப்பி அதுதான்.