ஸ்கீல சின்ன ஜம்ப் சாடுனா பின்னால போய் விழுறேன், எங்க தப்பு?

குலசேகரம்_காரன்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் குலசேகரம், வேலை துபாய்ல. சிரிக்கப்படாது, ஊர்ல நமக்கு பனின்னா மார்கழில ரப்பர் வெட்டப் போறவங்க காத சுத்தி துண்டு கெட்டிட்டு போவாங்களே அது மட்டும்தான் தெரியும். இங்க வந்த பொறவு மால் ஆஃப் தி எமிரேட்ஸ் உள்ள இருக்க ஸ்கி துபாய்க்கு, கால்ல நீளப் பலகை (அதுதான் ஸ்கீ) மாட்டி பனில சறுக்குற இடம், ஒருநாள் சும்மா போனேன், பிடிச்சிட்டு, இப்ப ரெண்டு வருசமா போறேன். அங்க பெரிய சரிவே 400 மீட்டர்தான், அதுல ரெண்டு ஸ்கீயும் ஒண்ணுபோல வச்சு திரும்புற பாரலல் டர்ன் எல்லாம் நல்லா வருது.

பிரச்சனை என்னன்னா பசங்க சாடுற ஒரு சின்ன மேடு, முழங்கால் உயரம்தான் இருக்கும். நான் சாடுனா காத்துல வச்சே உடம்பு பின்னால சாய்ஞ்சிருது, ஸ்கீக்க வால், அதாவது பின்முனை, முதல்ல தரையில தட்டும், அப்பிடியே குண்டி அடிச்சு உக்காந்திருவேன். பத்து தடவ சாடுனா ஏழு தடவ இதே கதைதான். போன வாரம் வலது முட்டுல லேசா ஒரு பிடிப்பு, வீக்கம் ஒண்ணும் இல்ல. ஜனவரில கூட்டுக்காரனுவளோட காஷ்மீர்ல குல்மார்க் போறோம். அதுக்கு முன்ன ஒரு மாசம் லீவுல ஊர்லதான் இருப்பேன், அங்க வச்சு பழகுறதுக்கு வழி ஏதாவது உண்டா?

மண்டைக்காடு_டு_மணாலி

தம்பி, இறங்குறது சரியில்லன்னு நினைக்கிய, ஆனா தப்பு மேட்டுல ஏறும்போவே நடந்தாச்சு. நானும் மணாலி பக்கத்துல சோலாங்ல முதல் வருசம் இதே மாதிரி விழுந்து எழும்புனவன்தான். மேடு கிட்ட வந்ததும் பேடில உடம்பு தானா பின்னால இழுக்கும், குதிகால்ல உக்காந்துட்டே மேட்ட விட்டு வெளிய போவ, பொறவு காத்துல வச்சு திருத்த ஒண்ணும் கிடையாது. எப்பிடி கிளம்புறியோ அப்பிடித்தான் இறங்குவ.

அதனால ஏறும்போ முழங்காலுக்கு கீழ முன் எலும்பு இருக்குல்லா, அது பூட்ஸ்க்க முன்பக்கத்த அழுத்திட்டே இருக்கணும், அந்த அழுத்தம் விட்டுப்போச்சுன்னா நீ பின்னால போயிட்டன்னு அர்த்தம். கை ரெண்டும் முன்னால, தூக்குவாளில சாம்பார் கொண்டு போற மாதிரி, சிந்தாம. மேட்டு நுனில கணுக்கால், முட்டு, இடுப்பு மூணையும் நிமித்தி நீயே எழும்பணும், மேடு உன்ன தூக்கி எறியுற வர காத்திருக்காத. கடைசி நேரத்துல பயந்து ஸ்கீய ஆப்பு மாதிரி விரிச்சு பிரேக் போடவும் செய்யாத, நிறைய பேரு கோணலா பறக்கிறது அதுனாலதான். வேகம் கூடுதல்னு தோணிச்சுன்னா மேட்டுக்கு முன்னாலயே விலகிப் போயிரு, ஒரு வெக்கமும் இல்ல. கண்ணு ஸ்கீ நுனிய பாக்கப்படாது, இறங்குற இடத்தையும் அதுக்கு அப்பறம் போற வழியையும் பாக்கணும்.

இன்னொரு காரியம், எங்க இறங்குறன்னு பாரு. சமதரையில 1 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தரையில தட்டுற வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் கிட்ட வரும், அவ்வளவும் கால்லதான் வாங்கணும். அதே உயரம் சரிவுல இறங்குனா அதுல கொஞ்சம்தான் காலுக்கு வரும், மிச்சம் சறுக்கிட்டே முன்னால போயிரும். ஸ்கீக்க நுனியும் அந்த சரிவுக்கு ஒத்த மாதிரி தாழ்ந்திருக்கணும், ரெண்டு காலும் ஒண்ணிச்சு தரை தொடணும், தொடும்போ முட்டு கொஞ்சம் மடங்கி இருக்கணும், தொட்ட பொறவு இன்னும் மடங்கணும். அதனால முதல்ல சாடாம அந்த வழிய ஒருதடவ சும்மா சறுக்கிப் பாத்துட்டு வா. கீழ இறங்குற இடத்துல யாராவது விழுந்து கிடக்கானான்னு பாக்க ஒரு கூட்டாளிய பக்கத்துல நிறுத்தணும், மேட்டுக்கு பின்னால என்ன கிடக்குன்னு உனக்கு தெரியாதுல்லா.

முட்டம்_வள்ளம்

எனக்கு ஸ்கீயும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது. ஆனா மேல உள்ள அண்ணன் சொன்னத வாசிச்சா எங்க அப்பா வள்ளத்துல ஏத்திவிட்டு சொன்னதுதான் ஞாபகம் வருது. அலைல வள்ளம் மேல போய் டப்புன்னு கீழ விழும்போ முட்ட விறைச்சு நிக்கவன் கடல்ல கிடப்பான், தளத்தி நிக்கவன் அப்பிடியே நிப்பான். லீவுல வாலே மக்கா, ரெண்டு நாள் கடலுக்கு கூட்டிட்டு போறேன், குல்மார்க் எல்லாம் பொறவு பாப்போம் 😂

நாகர்கோவில்_பிசியோ

முட்டு விஷயத்த லேசா எடுக்காதீங்க. பின்னால சாய்ஞ்சு வால் முதல்ல தட்டும்போ பூட்ஸ்க்க பின்பக்கம் கீழ்க்கால முன்னால தள்ளும், முட்டுக்குள்ள இருக்க ஏசிஎல் தசைநார் அறுந்து போற வழிகள்ல இது ஒண்ணு. இதுவரைக்கும் வீக்கம் இல்லன்னா நல்லது. ஆனா எப்பவாவது உள்ள 'டப்'புன்னு சத்தம் கேட்டு அன்னைக்கே வீங்குனாலோ, நடக்கும்போ முட்டு வழுகிப் போற மாதிரி இருந்தாலோ எண்ணெய் தேய்ச்சிட்டு இருக்காம எலும்பு டாக்டர பாருங்க. இப்ப இருக்க பிடிப்பும் முழுசா போன பொறவுதான் சாட்டம் எல்லாம்.

ஊர்ல பழக வழி கேட்டீங்கல்லா, வீட்டுப் படில ஒத்தப்படி உயரத்துல இருந்து சாடி சத்தம் இல்லாம இறங்கிப் பாருங்க. தடார்னு கேட்டா கால் விறைப்பா இருக்கு, பூனை இறங்குற மாதிரி இருந்தா சரி. இறங்கும்போ முட்டு ரெண்டும் உள்பக்கமா ஒண்ணோட ஒண்ணு போய் முட்டப்படாது, நிறைய பேருக்கு இதுதான் நடக்கும், அவங்களுக்கு தெரியவும் செய்யாது, அதனால போன்ல வீடியோ எடுத்து பாருங்க. அப்புறம் சுவர்ல முதுக சாய்ச்சு நாற்காலில இருக்க மாதிரி நிக்கிறது, ஒத்தக்கால்ல பைய உக்காந்து எழும்புறது. உங்க பக்கத்துல நம்ம ஊர் சண்டைக்கலை அடிமுறை சொல்லிக் குடுக்க ஆசான் யாராவது இருந்தா காலையில ஒரு மாசம் போங்க, அவங்க தாழ்ந்து நின்னு சுவடு வைக்கிறதே தொடைக்கு நல்ல வேலை.

குலசேகரம்_காரன்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வீடியோ எடுத்து பாத்தேன், சங்கடமா போச்சு, வலது முட்டு அப்பிடியே உள்ள வளையுது. ஒரு சந்தேகம், விழும்போ ஸ்கீ கழறவே இல்ல, பூட்ஸ ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பைண்டிங்க்ல ஏதோ நம்பர் இருக்கே, அத குறைக்கணுமா?

மண்டைக்காடு_டு_மணாலி

நீயா ஸ்க்ரூடிரைவர் எடுத்துறாத. டின் நம்பர்ணு சொல்லுவாங்க, எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், எந்த மாதிரி ஸ்கீ பண்ணுவ, இத எல்லாம் வச்சு கடைக்காரன்தான் போடணும். வாடகைக்கு எடுக்கும்போ எடைய குறைச்சோ, நான் பெரிய ஆளுன்னு கூட்டியோ சொல்லாத, அந்த நம்பர் தப்பிப் போவும். ஆனா ஒண்ணு, பைய பின்னால உக்காந்து விழுற விழுகைக்கு பைண்டிங் எப்பவும் கழறும்னு நம்பி இருக்கவும் முடியாது. விழப்போறன்னு தெரிஞ்சா கை முன்னால, கால் ரெண்டும் சேத்து, சறுக்கிட்டே எழும்ப பாக்காத, நின்ன பொறவு எழும்பு. கையில பிடிக்கிற கம்புக்க வாரையும் மணிக்கட்டுல மாட்டாத, விழும்போ பெருவிரல் திருகிரும்.

குல்மார்க்ல போய் முதல் நாளே கொண்டோலாங்கிற கேபிள் கார்ல ஏறி மேல போயிராத. கீழ சமமா கிடக்க பனில நின்ன இடத்துல சாடு, அப்பறம் சறுக்கிட்டே சாடு, அதுல பத்துக்கு ஒம்பது நின்னா முழங்கால் உயரத்துக்கு போ.

குலசேகரம்_காரன்

லீவுல வந்தாச்சு. நேத்து சாயங்காலம் சொத்தவிளை கடற்கரைல மணல் சரிவுல சாடிப் பழகுனேன், கை முன்னால, முட்ட மடக்கி, இருபது தடவ. மணல் இழுக்குது, பனி மாதிரி வராதுன்னு தெரியும், ஆனா பின்னால போறது குறைஞ்சிருக்கு. பக்கத்துல கடலை வித்துட்டு இருந்த அக்கா கொஞ்ச நேரம் பாத்துட்டு எனக்க மாமன்கிட்ட கேட்டாங்க, "அண்ணே, பிள்ளைக்கு நேர்ச்சை ஏதாவது உண்டா?"ன்னு.