மறு: பன்றிக் கணையத் திட்டு: வளர்ப்பா, பேணலா?

குழுவினருக்கு வணக்கம். முதல் வகை நீரிழிவு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பன்றிக் கணையத்தைக் கொலாஜினேஸ் நொதியால் கரைத்து, இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களான திட்டுகளைப் பிரித்தெடுத்து, ஊடகத்தில் (ஊட்டக் கரைசலில்) வைத்திருந்து, நோயாளிக்குச் செலுத்துவதைப் பற்றியது. ஊடகத்தில் வைக்கும் கட்டத்துக்குத் ‘திட்டு வளர்ப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– மொழிபெயர்ப்பவள்

* * *

‘திட்டு’ வேண்டாம் அம்மா, ஏச்சுக்கும் அதுதான் சொல். இன்சுலின் என்பதே தீவைக் குறிக்கும் இலத்தீன் ‘இன்சுலா’விலிருந்து வந்தது. நம்மிடம் ‘துருத்தி’ இருக்கிறதே! ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்று நடுவே நீரைத் துருத்திக்கொண்டு நிற்கும் தீவு. செரிமான நொதி சுரக்கும் செல்களின் நடுவே தனித்துக் கிடப்பதற்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ‘அரங்கம்’ என்றாலும் அதே பொருள்தான். அப்புறம், பன்றிக்குப் பதில் ‘ஏனம்’ என்றால் சொல் நயமாக இருக்கும்.
– புலவர்

* * *

ஐயா, துருத்தி என்றதும் கொல்லன் உலைதான் கண்முன் வருகிறது. பள்ளிப் பாடத்திலேயே ‘லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்’ என்று படித்தாயிற்று. ஏனம் கூடவே கூடாது. தன் உடம்பில் சேர்வது பன்றியின் செல் என்று தெரிந்துதான் ஒருவர் சம்மதிக்க வேண்டும். நிகண்டில் ஒளித்துவைக்கக் கூடாது.

என் குறை ‘வளர்ப்பு’ மீதுதான். பாக்டீரியாவை வளர்த்தால் பெருகும். முதிர்ந்த பன்றியின் திட்டுகள் தட்டில் அப்படிப் பெருகுவதில்லை; உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. ரத்தக்குழாய்த் தொடர்பு அறுந்துவிட்டதால் ஆக்சிஜன் வெளியிலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். பெரிய திட்டென்றால் நடுப்பகுதி செத்துவிடும். ஆகவே ‘பேணல்’.
– ஆய்வுக்கூடத்திலிருந்து

* * *

பேணலை விட ஓம்பல் மேல். விருந்தோம்பல் போலத் திட்டோம்பல்! குற்றியலுகரம் கெட்டு எவ்வளவு அழகாகப் புணர்கிறது பாருங்கள்.
– தமிழாசிரியை

* * *

புணர்ச்சி சரி, பொருள் இடிக்கும். உயிரியலில் ‘ஓம்புயிர்’ என்றால் ஏற்றுக்கொள்ளும் உடல், அதாவது இங்கே நோயாளி. ஆய்வுக்கூடத்தில் ஓம்பி ஓம்புயிரிடம் அனுப்பினால் யார் யாரை ஓம்புகிறார் என்று படிப்பவர் திணறுவார்.

பெருகினால்தான் வளர்ப்பா? குழந்தை வளர்ப்பில் குழந்தை பெருகுகிறதா என்ன! பிறந்த குட்டியின் கணையத்தை எடுத்தால், ஊடகத்தில் நொதி செல்கள் பெரும்பாலும் அழிந்து, மற்றவை கொத்தாகத் திரண்டு முதிர்கின்றன. அதற்கு வளர்ப்பு கச்சிதம். ‘திசு வளர்ப்பு’, ‘வளர்ப்பூடகம்’ இரண்டும் புழக்கத்தில் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் தனிச்சொல்?
– மருத்துவர்

* * *

நன்றி. ‘கணையத் திட்டு வளர்ப்பு’ என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஊடகத்தில் உயிரோடு பேணுதல்’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.
– மொழிபெயர்ப்பவள்

* * *

மறுப்பைப் பதிவு செய்கிறேன். துருத்தியை நான் கைவிடவில்லை. அரங்கம் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வாருங்கள்.
– புலவர்