பேல் ஏல் போத்தல்: பிழை வடித்த இடத்திலா, வந்த வழியிலா?

மாங்குளத்திலிருந்து:
பேல் ஏல் எண்ட பியரைப் பிரிஜ்ஜிலிருந்து எடுத்த உடனே ருசி பார்த்து முடிவு சொல்லாதேங்கோ. 4 பாகைக் குளிரில் ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசமும் குடுக்கிற பூ) வாசம் எழும்பாது, கசப்புத்தான் நாக்கில் நிக்கும். 8–10 பாகை வரவேணும். சித்திரை வெக்கையில் 325 மில்லிலீட்டர் போத்தலுக்குப் பத்து நிமிசம் வெளியில் வைத்தால் காணும்.

கிளாஸில் மீன் பொரிச்ச எண்ணெய்ப்பசை துளி இருந்தாலும் நுரை செத்துப்போகும். அப்பச்சோடாவால் கழுவி, நல்லாய் அலசிக் கவிழ்த்து விடுங்கோ, துணியால் துடைக்கவேண்டாம். ஊத்தின பிறகு குமிழிகள் கிளாஸின் உட்சுவரில் ஒட்டி நிண்டால் கிளாஸ் ஊத்தை. சரித்துப் பிடித்து ஊத்தி, கடைசியில் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை எடுங்கோ. வாசத்தை முதல் மிடறுக்கு முன்னம் பிடிக்கவேணும்; அது கெதியாய்ப் பறக்கும்.

நெடுங்கேணியிலிருந்து:
அண்ணை சொன்னது சரி. ஆனால் இங்கே வாற போத்தலின் பெரிய எதிரி வெயில். நிறமில்லாத, பச்சைப் போத்தல்களில் ஒளி பட்டால் ஹொப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, றப்பர் கருகின மாதிரிக் கந்தக நாற்றம் வரும். நேர் வெயிலில் சில நிமிசமே போதும். மண்ணிறப் போத்தல் பெரும்பாலும் காக்கும்.

சூடு வேறை விதம். லொறியிலும் தகரக் கூரைக் கடையிலும் கிடந்தால் முதலில் ஹொப்ஸ் வாசம் மங்கும், பிறகு நனைந்த மட்டைப்பெட்டி மணம் வரும். 10 பாகை ஏறினால் பழுதாகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு. இதெல்லாம் வழியில் சேர்ந்தவை. உருக்கின பட்டர் மணம், பச்சை அப்பிள் மணம் எண்டால் பெரும்பாலும் ஈஸ்ட் வேலையை முடிக்கமுதல் போத்தலில் அடைத்திருக்கிறார்கள்.

முள்ளியவளையிலிருந்து:
கள்ளுக்குப் பழகின நாக்கு ஒண்டைக் கவனிக்கவேணும். கள்ளில் ஈஸ்டோடு பக்ரீரியாவும் சேர்ந்து நொதிக்கிறதால் புளிப்பு இயல்பு; ஏறஏறப் புளிக்கும். பேல் ஏலில் அந்தப் புளிப்பு கிருமித்தொற்று. மூடி திறந்ததும் பொங்கி வழிஞ்சாலும் அதைச் சந்தேகிக்கலாம், போத்தலில் நொதிக்கவைக்கிற வகையெண்டால் சீனி கூடினதாயும் இருக்கலாம். அந்த வகையில் அடிமண்டி குற்றமில்லை. ஒருநாள் நிமிர்த்தி வைத்து, கடைசி ஒரு விரலளவை விட்டுவிடுங்கோ.

சந்தேகமெண்டால் ஒரே பெட்டியில் இரண்டு போத்தல் எடுத்து, ஒண்டைப் பிரிஜ்ஜிலும் மற்றதை இருட்டான அலுமாரியிலும் மூண்டு கிழமை வையுங்கோ. பிறகு இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் ஊத்துங்கோ. மட்டை மணம் அலுமாரிப் போத்தலில் மட்டும் எண்டால் வடிச்சவனைக் குறை சொல்ல ஏலாது.