குவாண்டம் அண்ட் வுடி: 21-க்கு அப்புறம் நேரே 32-ஆ?

அட்டைப்படம்:
அக்ளெய்ம் வெளியிட்ட 'குவாண்டம் அண்ட் வுடி' என்ற சூப்பர்ஹீரோ ஜோடி காமிக்ஸின் பழைய இதழ்களைச் சேர்த்து வருகிறேன். 21 வரை கிடைக்கிறது, அப்புறம் ஒரே ஒரு 32. நடுவில் 22 முதல் 31 வரை எந்த விற்பனைப் பட்டியலிலும் கண்ணில் படவில்லை. அவ்வளவு அபூர்வமா? போதாக்குறைக்கு, 'முதல் இதழ்' என்று ஆளுக்கொரு அட்டையைக் காட்டுகிறார்கள். எது அசல்?

கட்டம்_கட்டமாய்:
அந்தப் பத்தையும் தேடாதீர்கள் நண்பரே, அவை அச்சாகவே இல்லை.

கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுத, மார்க் பிரைட் வரைய, 1997-ல் தொடங்கிய தொடர் இது. 1998-ல் 17-ஆம் இதழோடு நின்றுபோனது. 1999-ல் மறுபடி வந்தபோது, இடையில் நிற்காமல் வந்திருந்தால் என்ன எண் இருந்திருக்குமோ அதையே அட்டையில் போட்டார்கள்: 32. கதையும் அப்படித்தான், வராத இதழ்களை எல்லாம் நாம் படித்து முடித்துவிட்டதாகவே பாவித்து ஓடும். அடுத்த இதழ் 18. நடுவில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போய் 32-ஐத் தொடுவதுதான் திட்டம். 2000-ல் 21-ஆம் இதழோடு கடை மூடியதால் அந்த இடைவெளி அப்படியே நின்றுவிட்டது.

எனவே 17, 32, 18, 19, 20, 21 என்று படியுங்கள். எண் வரிசைப்படி 32-ஐக் கடைசிக்குத் தள்ளினால் கிண்டலே செத்துப்போகும்.

இன்னொன்று: கதை முன்னும் பின்னுமாகத் தாவும். கட்டங்களுக்கு நடுவே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் சின்னத் தலைப்புகள் வரும். அவற்றைத் தாண்டிப் போனால் எந்தக் காட்சி முதலில் நடந்தது என்றே பிடிபடாது.

மைப்பேனா:
முதல் இதழ் விஷயம். இந்த ஜோடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 'நம்பர் 1' உண்டு. அக்ளெய்ம் என்பது வீடியோ கேம் கம்பெனி. 1994-ல் வேலியன்ட் என்ற காமிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது, 2004-ல் திவாலானது. உரிமைகள் புதிய வேலியன்ட் கைக்குப் போனபின் வந்தவை:

2013: ஜேம்ஸ் ஆஸ்மஸ், டாம் ஃபவுலர். 12 இதழ்கள்.
2014: 'க்யூ2'. பிரீஸ்டும் பிரைட்டுமே திரும்பி வந்து, பழைய ஜோடிக்கு வயதாக்கிக் காட்டியது. 5 இதழ்கள்.
2015: 'மஸ்ட் டை!' 4 இதழ்கள்.
2017: டேனியல் கிபிள்ஸ்மித் எழுதத் தொடங்கியது. 12 இதழ்கள்.
2020: கிறிஸ்டோபர் ஹேஸ்டிங்ஸ் எழுதியது. 4 இதழ்கள்.

அட்டையை நம்பாமல், உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1997, அக்ளெய்ம் என்று இருந்தால் அதுதான் அசல். கதையை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: அசலில் எரிக் (அவர்தான் குவாண்டம்), வுடி இருவரும் சிறுவயது நண்பர்கள், 2013-ல் வளர்ப்பு வழியில் சகோதரர்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பட்டைகளை 'க்ளாங்' என்று மோதாவிட்டால் உடம்பே கரைந்துவிடும் என்ற விதி மட்டும் இரண்டிலும் உண்டு. பிடிக்காத ஆளோடு தினமும் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாக்கு எவருக்கும் கிடைக்காது!

பழசுக்கடை:
இதே ஆட்கள், இதே மாதிரி எண் குழப்பம், மார்வெலிலும் உண்டு. 'பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட்' அந்தப் பெயரில் தொடங்குவதே 50-ஆம் இதழில்தான் (1978). 1972-ல் 'ஹீரோ ஃபார் ஹயர்' என்று லூக் கேஜ் என்ற நாயகனின் தனித் தொடராகத் தொடங்கியது, 17-ஆம் இதழில் 'பவர் மேன்' ஆனது. அயர்ன் ஃபிஸ்டின் சொந்தத் தொடர் 1977-ல் 15 இதழோடு முடிந்ததும் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 48, 49 இரண்டும் இணைப்புக் கதை, விடாமல் வாங்குங்கள். 125-ஆம் இதழோடு 1986-ல் முடிந்தது. அந்தக் கடைசி இதழை எழுதியவர் ஜிம் ஆவ்ஸ்லி, வரைந்தவர் மார்க் பிரைட். ஆவ்ஸ்லிதான் பின்னால் பெயர் மாற்றிக்கொண்ட பிரீஸ்ட்.

அட்டைப்படம்:
அப்போ 0, 1 முதல் 21, அதோடு 32. மொத்தம் 23 இதழ். சரிதானே?

கட்டம்_கட்டமாய்:
சரி. கதையில் வரும் ஆட்டுக்கு என்றே தனியாக வந்த ஒரு சிறப்பிதழும் உண்டு, அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். விற்பவர்கள் அதைக் கட்டில் சேர்க்க மறந்துவிடுவார்கள்.