எடிட்டிங்குக்கும் கூடத்து டிவிக்கும் சேர்த்து எந்த நாஸ் பெட்டி வாங்கலாம்? உதவி தேவை

முகூர்த்தப்படம்:
வணக்கம். திருமணங்களை வீடியோ எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்து கொடுப்பது என் தொழில். வெளி ஹார்ட் டிஸ்க்குகள் பெருகிவிட்டதால், எந்தத் திருமணம் எதில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. நானும் தம்பியும் ஒரே ஃபுட்டேஜை இரண்டு கணினிகளிலிருந்து எடிட் செய்யவும், முடிந்த படங்களைப் பெற்றோர் கூடத்து டிவியில் பார்க்கவும் ஒரு நாஸ் பெட்டி (பல டிஸ்க்குகளை வீட்டு நெட்வொர்க் வழியாக எல்லாக் கணினிகளுக்கும் பகிரும் பெட்டி) வேண்டும். கடையில் சைனாலஜி டிஎஸ் 923 பிளஸ் என்கிறார்கள். வாங்கலாமா? ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் விரைந்து சொல்லுங்கள்.

கம்பிவழி:
வணக்கம். பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விவரங்கள் தேவை. எந்தக் கேமரா, எந்தப் பதிவு முறை, டைம்லைனில் ஒரே நேரத்தில் எத்தனை கோணங்கள் ஓடும்? கணினிகள் கேபிளில் இணைந்திருக்கின்றனவா, வைஃபையிலா? எவ்வளவு செலவு செய்ய எண்ணியிருக்கிறீர்கள்?

வட்டுக்காவலர்:
பெட்டி எதுவானாலும் உள்ளே போடும் டிஸ்க்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; ஓர் இடத்தைத் திருத்தி எழுத அடுத்தடுத்த தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருப்பதால், பழுதான டிஸ்க்கை மாற்றி ரெய்டை (ஒரு டிஸ்க் பழுதானாலும் கோப்புகள் தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் அமைப்பு) மறுபடி கட்டும்போது அவை மிகவும் திணறும். ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் டிஸ்க்குகளில் சில இவ்வகையைச் சேர்ந்தவை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020இல் ஒப்புக்கொண்டது. விவரத்தாளில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று கண்ட பிறகே பணம் கொடுங்கள்.

பழையசர்வர்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் படிப்பது குறைந்தபட்சக் கடமை. ரவுட்டரின் மீது எழுதியிருக்கும் 1000 என்பது மெகாபிட் என்பதும், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதும் தெரியாமல் நாஸ் வாங்கக் கிளம்பக் கூடாது. கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 125 மெகாபைட் என்பது ஏட்டுக்கணக்கு. கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 110. விவரமறிந்தவர்கள் பழைய கணினி ஒன்றில் ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளை நிறுவி, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை அமைத்து, 10 கிகாபிட் நெட்வொர்க் அட்டையைச் செருகிக்கொள்வார்கள். கடைப்பெட்டிகள் கற்றுக்கொள்ள விருப்பமில்லாதவர்களுக்கானவை.

முகூர்த்தப்படம்:
சோனி கேமரா மூன்று, 4கே, 25 பிரேம். நான் கேபிளில் இருக்கிறேன், தம்பி மாடியில் வைஃபையில். ரவுட்டர் இணைய இணைப்போடு வந்தது. டிஸ்க் உட்பட ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யலாம். ரெய்டு போட்டால் ஒரு டிஸ்க் பழுதானாலும் கோப்புகள் போகாது என்பதால், பழைய டிஸ்க்குகளை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

கம்பிவழி:
பதிவு முறையை நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்பதால் இரண்டு விதமாகவும் கணக்கிடுகிறேன். எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் 4கே கோணம் ஒன்றுக்கு நொடிக்கு 100 மெகாபிட் அளவில் இருக்கும். எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்றால் 25 பிரேமில் 250 மெகாபிட். பின்னதில் மூன்று கோணங்களை ஒன்றாக ஓட்டினால் 750 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 94 மெகாபைட் ஆகிறது. ஒருவருக்கே கிகாபிட் இணைப்பு நிரம்பிவிடும்போது, இருவர் உட்கார்ந்தால் அது போதாது. 2.5 கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் 280 மெகாபைட் வரை கிடைக்கும். வீட்டில் கேட் 5இ கேபிள் இருந்தால் அதையே 100 மீட்டர் வரை பயன்படுத்தலாம். ஸ்விட்ச்சையும் கணினிப் பக்கத்து அடாப்டரையும் மாற்றினால் போதும். தம்பிக்கு மாடிவரை கேபிள் இழுத்தே ஆக வேண்டும், ஏனெனில் வைஃபையின் வேகம் நிலையாக இல்லாததால் டைம்லைன் நின்று நின்று ஓடும். ஒருவேளை எக்ஸ்ஏவிசி எச்எஸ்ஸில் எடுக்கிறீர்கள் என்றால் அது எச்.265 என்ற அதிகச் சுருக்க முறை, அதில் வரும் தடங்கல் பெரும்பாலும் கணினியின் டிகோடிங்கில் (சுருக்கியதை விரிப்பதில்) உண்டாவது, ஆகவே எந்த நாஸ் வாங்கினாலும் தீராது. அதற்கு ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் உதவும் இலகுவான நகல்) தயாரித்துக்கொள்வதே வழி.

இனி டிவி. 923 பிளஸ்ஸில் உள்ள ரைசன் ஆர்1600 சிப்பில் கிராபிக்ஸ் பகுதி இல்லை. கோப்பை டிவியே நேரடியாக இயக்கிவிட்டால் சிக்கல் எழாது. பெட்டி அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப நேர்ந்தால் 4கேயில் திணறும். அதன் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளும் 1 கிகாபிட்தான், 10 கிகாபிட் அட்டையைத் தனியாக வாங்க வேண்டும். க்யூநாப் டிஎஸ் 464இல் இன்டெல் சிப்பும், வீடியோவை விரைவாக வடிவம் மாற்றும் அதன் க்விக் சிங்க் வசதியும் இரண்டு 2.5 கிகாபிட் போர்ட்டுகளும் உள்ளன. உங்கள் தேவைக்கு அவ்வகையே பொருத்தம் என்பேன். நாஸிலுள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்களில், க்விக் சிங்கைப் பயன்படுத்த ப்ளெக்ஸ் கட்டணம் கேட்கும், ஜெல்லிஃபின் கேட்காது.

இரட்டைநகல்:
பழைய டிஸ்க்குகளை விற்காதீர்கள். டிஸ்க் பழுதானால்தான் ரெய்டு காப்பாற்றும். கைதவறி அழித்தாலோ, பெட்டியே திருடுபோனாலோ, மின்னழுத்தம் தாக்கினாலோ காப்பாற்றாது. 2022 தொடக்கத்தில், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளின் கோப்புகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் பூட்டிவிட்டுப் பணம் கேட்டபோது, தனி நகல் வைத்திருந்தவர்களே கவலையின்றி இருந்தார்கள். வெளியிலிருந்து நாஸை அணுகுவதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு நகலைப் பழைய டிஸ்க்கில் எழுதி, வேறொரு வீட்டில் வையுங்கள்.

பழையசர்வர்:
இது தொழிற்கணக்கு தெரியாத அறிவுரை. 100 மெகாபிட் என்றாலே ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிகாபைட் ஆகிறது. மூன்று கேமராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் ஒரே திருமணத்துக்கு 810 ஜிகாபைட். எஸ்-ஐ என்றால் 2 டெராபைட்டைத் தாண்டும். இதை எல்லாம் இரண்டு நகலாகக் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. படத்தை ஒப்படைத்து ரசீது வாங்கியதும் மூல ஃபுட்டேஜை அழித்துவிட வேண்டும்.

இரட்டைநகல்:
அழிக்கும் காலத்தை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால் அழிக்கலாம். ஒப்படைத்த அன்றே அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருமணத்துக்கு வந்திருந்த தாத்தா சில மாதங்களில் இறந்துவிட்டால், படத்தில் சேராத துண்டுகளில் அவர் இருக்கிறாரா என்று கேட்டுக் குடும்பத்தார் வருவார்கள். திருமணத்தை மறுபடி படம்பிடிக்க முடியாது என்பதால்தான் இந்தத் தொழிலில் நகலுக்கு இவ்வளவு மதிப்பு.

பழையசர்வர்:
ஒப்பந்தத்தில் இல்லாததற்குப் படம் எடுப்பவர் பொறுப்பல்ல. டிஸ்க் செலவை அந்தக் குடும்பத்தார் கொடுப்பார்களா?

கம்பிவழி:
ஓராண்டு வைத்திருப்பதற்கான கட்டணத்தை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். அதை அவர் முடிவு செய்யட்டும். வேறொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பி நாஸ் வைக்காதீர்கள். யுஎஸ்பி வழியாக நாஸோடு பேசும் சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால், பேட்டரி தீர்வதற்கு முன் அது செய்தி அனுப்பும். பெட்டி எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுத் தானே அணையும்.

முகூர்த்தப்படம்:
அனைவருக்கும் நன்றி. எஸ்-ஐ முறைதான். டிஎஸ் 464 வாங்கி, மாடிக்குக் கேபிள் இழுத்து, 2.5 கிகாபிட் ஸ்விட்ச் போட்டாகிவிட்டது. எனக்கு மூன்று கோணங்களும் நிற்காமல் ஓடுகின்றன. தம்பியின் கணினிக்கு அடாப்டர் இன்னும் வரவில்லை. பழைய டிஸ்க்குகளை விற்கவில்லை. நாளை முகூர்த்தம் இருப்பதால் மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

வட்டுக்காவலர்:
மகிழ்ச்சி. உள்ளே போட்ட டிஸ்க்கின் மாடல் எண்ணைச் சொல்லுங்கள், சிஎம்ஆர்தானா என்று பார்த்துச் சொல்கிறேன். எஸ்எம்ஆர் என்றால், நிரப்புவதற்கு முன் கடையில் மாற்றிக்கொள்வது எளிது.