அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல ஹோஸ் இல்லாம கார் கழுவ முடியுமா? (டொரண்டோ, வின்டர்)

ஸ்கார்பரோ_புதுசு
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கார்பரோல ஒரு காண்டோல (அடுக்குமாடி வீடு) வாடகைக்கு இருக்கோம், இதுதான் முதல் வின்டர். கார் பி2 லெவல்ல, அதாவது தரைக்குக் கீழ ரெண்டாவது தளத்துல நிக்குது, ஹீட்டிங் இருக்கு, ஆனா தண்ணிக் குழாயோ ஹோஸோ எதுவும் கிடையாது. கறுப்பு கார், இப்ப கலரே தெரியல, ஐஸ் உருக ரோட்ல போடுற உப்பு கதவுக்குக் கீழ பூரா வெள்ளையா படிஞ்சு ஏறி இறங்குறப்பல்லாம் பேன்ட்ல ஒட்டுது. பிரஷ் சுத்துற கார் வாஷுக்குப் போனா கறுப்பு பெயின்ட்ல வட்ட வட்டமா கோடு விழும்னு சொல்றாங்க. வீட்ல இருந்து வாளில தண்ணி கொண்டுபோய் கழுவலாமா, என்ன சோப்பு போடணும், பில்டிங்ல திட்டுவாங்களா? உப்பு நிஜமாவே காரை அரிச்சிடுமா இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

பிக்கரிங்_அண்ணை
கழுவலாம் தம்பி, வடிவா கழுவலாம். ஆனா ஊரில தூசி துடைக்கிற மாதிரி இஞ்ச துடைக்கக் கூடாது. இது உப்புக் கல்லும் மணலும், காய்ஞ்ச துணியால ஒருக்கா இழுத்தாலே கீறல் விழுந்திடும். பாத்திரம் கழுவிற சோப்பும் வேண்டாம், அது நுரைச்சா அலசிறதுக்கு ஹோஸ் வேணும், மேல இருக்கிற மெழுகையும் கழட்டிப்போடும். அலசத் தேவையில்லாத வகை எண்டு தனியா இருக்கு, நான் பாவிக்கிறது ஆப்டிமம் நோ ரின்ஸ், நாலு லிட்டர் தண்ணிக்கு 15 மில்லி காணும். நுரையே வராது, வரேல்லையே எண்டு கூட ஊத்திப்போடாதேங்கோ. அதில இருக்கிற பொலிமர் ஊத்தையைச் சுத்திப் பிடிச்சு வழுக்கப்பண்ணும், துணியோட கழண்டு வந்திடும்.

முதல் நாள் இரவே காரை உள்ள விட்டு ஐஸ் தானா உருகி விழட்டும், சுரண்டாதேங்கோ. குளிர்ந்த கண்ணாடியில சுடுதண்ணியும் ஊத்தாதேங்கோ, வெடிச்சுப்போடும், இளஞ்சூடு காணும். செடிக்கு மருந்தடிக்கிற சின்ன பம்ப் ஸ்ப்ரேயர் ஒண்டு வாங்கி அதுக்குள்ளயும் இதே தண்ணியை விட்டு, காரின்ர கீழ்ப்பாதிக்கு நல்லா அடிச்சிட்டு ரெண்டு மூண்டு நிமிசம் ஊற விட்டியள் எண்டா உப்பு இளகிக் கதவில கோடு கோடா வழியிறது தெரியும். அதுக்குப் பிறகுதான் துணி. மைக்ரோஃபைபர் துணி எட்டுப் பத்தை வாளிக்குள்ள ஊறப்போட்டு, ஒவ்வொண்டா எடுத்து நாலா மடிச்சு, கூரையில துவங்கி கண்ணாடி, பொனட், கதவின்ர மேல்பக்கம் எண்டு இறங்கி வாங்கோ. அமத்தக் கூடாது, வட்டம் போடக் கூடாது, நேரா ஒரே இழுவை, உடன சுத்தமான பக்கத்துக்குத் திருப்பவேணும். எட்டுப் பக்கமும் ஊத்தையாப் போன துணி திரும்ப வாளிக்குள்ள போகவே கூடாது, முழு வேலையிலயும் முக்கியம் இதுதான். பின் பம்பரும் கதவின்ர கீழ்விளிம்பும் கடைசி, சில்லுக்கு வேற துணி. ஒவ்வொரு பக்கமா முடிய முடிய காய்ஞ்ச மைக்ரோஃபைபரால ஒத்தி எடுங்கோ. ஏழெட்டு லிட்டர் தண்ணியில முழுக் காரும் முடிஞ்சிடும். துணியளை மெஷினில போடேக்க சொஃப்ட்னர் விடாதேங்கோ, பிறகு தண்ணி உறிஞ்சாது.

கராஜ்_ரிப்பேர்
நான் பார்க்கிங் கராஜ் ரிப்பேர் லைன்ல இருக்கேன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்றேன். முதல்ல ஓனர்கிட்ட காண்டோ ரூல்ஸ் காப்பி வாங்கிப் பாருங்க, நிறைய பில்டிங்ல பார்க்கிங்ல கார் கழுவக் கூடாதுன்னே இருக்கும், சில இடத்துல அதுக்குன்னு தனி பே (கார் நிறுத்திக் கழுவுற இடம்) இருக்கும். தடுக்குறாங்கன்னா அதுல நியாயம் இருக்கு. உப்புத்தண்ணி கான்கிரீட் வெடிப்புல இறங்கி உள்ள கம்பிய தொட்டுச்சுன்னா கம்பி துருப்பிடிச்சுப் பருத்து கான்கிரீட்டையே பேத்துரும். 2012 ஜூன்ல இதே ஒன்டாரியோல எலியட் லேக் ஊர்ல ஆல்கோ சென்டர் மால் கூரை இடிஞ்சு ரெண்டு பேர் செத்தாங்க. அங்க கூரை மேலதான் பார்க்கிங், வருஷக்கணக்கா ஒழுகுன உப்புத்தண்ணி இரும்பு ஜாயின்ட்ட அரிச்சிருச்சு. அதனால அழுக்குத் தண்ணிய தரையில கவுக்காதீங்க, மேல தூக்கிட்டுப் போய் டாய்லெட்ல ஊத்துங்க. ரோட்டோர டிரெயின்லயும் வேணாம், ஸ்கார்பரோல அது சுத்திகரிப்புக்குப் போகாம ஹைலண்ட் க்ரீக், ரூஜ் ஆறு வழியா ஏரில போய் சேரும். அப்புறம் குளிருதுன்னு இன்ஜினை ஓட விட்டுட்டு கழுவாதீங்க ப்ளீஸ், கார்பன் மோனாக்சைடு விளையாட்டு இல்ல.

ஸ்கார்பரோ_புதுசு
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரூல்ஸ் கேட்டு மெயில் போட்டுட்டேன். ஆனா காரோட அடிப்பக்கம்? அங்க துணி போகாதே, அதை என்ன பண்றது?

ஹொயிஸ்டுக்குக்கீழ
கேக்க வேண்டிய கேள்வியே அதுதான். பெயின்ட் உடையாத வரைக்கும் மேல இருக்கிற உப்பு வடிவைத்தான் கெடுக்கும். காரைத் தின்னுறது அடியில இருக்கிற உப்பு. பிரேக் லைன் (பிரேக் எண்ணெய் போற குழாய்), சப்ஃப்ரேம் (இன்ஜினைத் தாங்கிற இரும்புச் சட்டம்), கதவுக்குக் கீழ ஓடுற ராக்கர் பனல், சில்லுக்கு மேல இருக்கிற வளைவின்ர உள்மடிப்பு, இதுகளைத்தான் கார் திருத்திற நாங்கள் ஒவ்வொரு நாளும் துருவோட பாக்கிறம். உங்கட மாதிரி ஹீட்டிங் பார்க்கிங்கில நிக்கிற காருக்கு இது இன்னும் கூட, ஏனெண்டா வெளியில மைனஸ் 15ல நிண்டா துரு மெதுவாத்தான் பிடிக்கும், உள்ள ஸ்னோ உருகி உப்போட சேர்ந்து இரவு முழுக்க ஈரமா ஒட்டிக்கொண்டு நிக்கும், சூடும் ஈரமும் உப்பும் ஒண்டாக் கிடைச்சா இரும்புக்கு வேற என்ன வேணும்.

வாளியால இதுக்கு ஒண்டும் செய்யேலாது. காசு போட்டு நாங்களே கழுவிற பே இருக்கிற கார் வாஷ் ஒண்டைப் பாருங்கோ, பிரஷைத் தொட வேண்டாம், பிரஷர் தண்ணி மட்டும். குளிர் சீரோவுக்குக் கிட்ட வாற நாளாப் பாத்து, சோப்புக்குக் காசைச் செலவழிக்காம அந்த நேரம் முழுக்க அடிப்பக்கத்துக்கும் சில்லு வளைவுக்குள்ளயும் பின் பம்பருக்குப் பின்னாலயும் அடியுங்கோ. கடைசியில மேல ஒருக்கா அடிச்சு மணலை விழுத்திட்டு நேரா வீட்டை வந்து அண்ணை சொன்ன வாளி வேலையைச் செய்தா பெயின்ட்டுக்கும் நல்லது, துணியும் பாதிதான் தேவைப்படும். கறுப்புக் காருக்கு நான் இப்பிடித்தான் செய்யச் சொல்லுவன்.

வாற வருசம் குளிர் துவங்க முன்னம் க்ரோன் மாதிரி, துரு பிடிக்காம எண்ணெய் அடிக்கிற இடத்தில அடியும் கதவு உள்பக்கமும் அடிச்சு விடுங்கோ, வருசா வருசம் அடிக்கவேணும். ஒண்டு ரெண்டு நாளைக்குச் சொட்டும், பார்க்கிங்கில காட்போட் விரியுங்கோ. தார் மாதிரிக் கறுப்பாப் பூசிறதை மட்டும் ஏற்கெனவே துரு பிடிச்ச இடத்துக்கு மேல பூச விடாதேங்கோ, ஈரத்தை உள்ள வைச்சு மூடிப்போடும், வெளியில பாக்க நல்லா இருக்கும், உள்ளுக்குள்ள உக்கும்.

மிசிசாகா_அக்கா
பேன்ட்ல ஒட்டுதுனு சொன்னீங்களே, அதுக்குக் கதவைத் திறந்து கீழ் விளிம்பையும் படியையும் தனியா துடைக்கணும், எல்லாரும் விட்டுடுறது அந்த இடத்தைத்தான். அதோட சுத்தி இருக்க ரப்பரையும் ஈரம் போக துடைச்சிட்டு, சிலிக்கான் ஸ்ப்ரேய துணில அடிச்சு லேசா தடவி விடுங்க, இல்லன்னா கழுவுன மறுநாள் வெளில நிறுத்துறப்ப ஈரம் உறைஞ்சு கதவு ஒட்டிக்கும், இழுத்தா ரப்பர் கிழியும். பெட்ரோல் மூடி விளிம்பும் அப்படித்தான். கார்பெட்ல வெள்ளைத் திட்டு இருந்தா வினிகரும் வெதுவெதுப்பான தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து நனைச்சு டவலால அழுத்தி எடுங்க, தேய்க்காதீங்க.