கோரி ஹென்றியின் ஆர்கன்: டிராபார் சரியாக வைத்தும் அந்த ஒலி ஏன் வரவில்லை?

நள்ளிரவு_நாதம்:
அமெரிக்கக் கீபோர்டு கலைஞர் கோரி ஹென்றியின் ‘தி ரிவைவல்’ (2016) கேட்கக் கேட்க வியப்பு கூடிக்கொண்டே போகிறது. ப்ரூக்ளின் தேவாலயத்தில் நேரடியாகப் பதிவான அந்த ஆல்பத்தில் ஹேமண்ட் பி-3 (பழைய மின் ஆர்கன்) பாடுகிறது, கெஞ்சுகிறது, சண்டை பிடிக்கிறது. டிஜிட்டல் ஆர்கனில் டிராபார் (ஒலிச் சேர்க்கையைத் தீர்மானிக்கும் ஒன்பது இழுப்பான்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை) 888000000, பர்கஷன் (சுரத் தொடக்கத்தில் வரும் ‘டிக்’) மூன்றாம் ஹார்மோனிக், வைப்ரேட்டோ (சுர நடுக்கம்) சி-3 என்று வைத்து வாசித்தால் சுரங்கள் சரியாக விழுகின்றன. உயிர்தான் இல்லை. கையில் இருப்பது 88 விசை வெயிட்டட் கீபோர்டு, சஸ்டெயின் பெடல், ஒரே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். எதை மாற்ற வேண்டும்? ஸ்னார்க்கி பப்பி இசைக்குழுவின் ‘லிங்கஸ்’ பாட்டில் கோரி வாசிக்கும் சோலோ பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுழல்கொம்பு:
டிராபாரில் தவறு இல்லை நண்பரே. வலது காலுக்கும் லெஸ்லி (சுழலும் ஸ்பீக்கர்; டிஜிட்டலில் அதன் எஃபெக்ட்) சுவிட்சுக்கும் வேலை கொடுக்கவில்லை, அதுதான் குறை.

ஹேமண்டில் விசையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி அளவு ஒன்றே. பியானோவில் விரல் செய்கிற வேலையை இங்கே எக்ஸ்பிரஷன் பெடல் செய்கிறது. கோரி ஒரு கோர்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது அது பொங்கி எழுந்து தணிவதைக் கேளுங்கள். அது முழுக்கக் காலின் வேலை. அதனால் முதலில் வாங்க வேண்டியது எக்ஸ்பிரஷன் பெடல். வாங்கியதும் பார்க்க வேண்டியவை: போலாரிட்டி (பெடலின் இணைப்புத் திசை) மாறியிருந்தால் மிதிக்கும்போது ஒலி குறையும், அல்லது பாதி தூரத்திலேயே நின்றுவிடும். பெடலை சிசி 11-க்கு (ஒலி ஏற்ற இறக்கத்துக்கான மிடி கட்டளை எண்) ஒதுக்குங்கள். குறைந்தபட்ச அளவைப் பூஜ்யத்தில் விடாதீர்கள், 127-இல் 15 முதல் 20 வரை வையுங்கள். உண்மையான ஹேமண்டிலும் பெடலை முழுக்கத் தூக்கினால் ஒலி அறவே நின்றுவிடுவதில்லை. வாசிக்கும்போது பாதியளவில் இருங்கள். எப்போதும் முழுக்க மிதித்தே வைத்திருந்தால் உச்சத்துக்கு ஏற இடமே இருக்காது.

அடுத்தது லெஸ்லி. மேலே கொம்பு, கீழே டிரம், இரண்டும் தனித்தனி மோட்டாரில் சுழலும். வேகமான நிலையில் கொம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று, மெதுவான நிலையில் 50-க்கும் கீழே. சுவிட்சைத் தட்டியதும் கொம்பு சுமார் ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். கனமான டிரம் பல நொடி பின்தங்கும். நீங்கள் தேடும் அழுகை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீண்ட சுரம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு தாள அடி முன்னதாகவே சுவிட்சைத் தட்டுங்கள், சுரம் விரியும்போது சுழற்சியும் விரியும். தொடக்கம் முதல் முடிவு வரை வேகத்திலேயே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. வேகத்தில் இருக்கும்போது சி-3-ஐ அணைத்துப் பாருங்கள். இரண்டு நடுக்கமும் சேர்ந்தால் சுரம் கலங்கிவிடும்.

ஒரே ஸ்பீக்கர் இருக்கும்வரை சுழற்சி பாதிதான் கேட்கும். இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கினால் சில அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இன்னொரு ஸ்பீக்கர் வரும்வரை ஹெட்ஃபோனில் பயிலுங்கள். எஃபெக்ட் வரிசை: ஓவர்டிரைவ், பிறகு லெஸ்லி, கடைசியாக ரிவெர்ப். லெஸ்லி 122-க்குள் 40 வாட் வால்வ் ஆம்ப் இருக்கிறது. ஒலி அங்கே கரகரத்த பிறகுதான் 800 ஹெர்ட்ஸில் பிரிந்து கொம்புக்கும் டிரம்முக்கும் போகிறது. ஓவர்டிரைவை லெஸ்லிக்குப் பின்னால் வைத்தால் சுழற்சி நசுங்கிப்போகும்.

டோன்வீல்91:
மேலே சொன்னதோடு பர்கஷனையும் கவனிக்க வேண்டும். பி-3-இல் எல்லா விசைகளையும் விட்ட பிறகுதான் அடுத்த பர்கஷன் பிறக்கும். ஒரு விரல் ஒட்டிக்கொண்டிருந்தால் கூட அடுத்த சுரத்துக்கு அந்த ‘டிக்’ கிடையாது. வேகமான வரிகளில் ஒவ்வொரு சுரத்தையும் துல்லியமாகத் துண்டித்தால் கிடைக்கும், இழைத்தால் கிடைக்காது. கோரி இரண்டையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார். பர்கஷன் போட்டிருக்கும்போது ‘1 அடி’ எனப்படும் கடைசி டிராபார் ஒலிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சஸ்டெயின் பெடலை ஆர்கனுக்குத் தொடவே கூடாது. ஒரு விரலை இன்னொரு விரலால் மாற்றிப் பிடித்துத்தான் கோர்டுகளை இணைக்க வேண்டும். அந்த பெடலை லெஸ்லி சுவிட்சாக ஒதுக்கி இடது காலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

888000000 ஜாஸ் வரிகளுக்குச் சரி. தேவாலயப் பாணியில் குமுறும் இடங்களுக்கு ஒன்பதையும் இழுத்து 888888888, பர்கஷன் அணைப்பு, லெஸ்லி வேகம். கறுப்பின தேவாலயங்களில் பிரசங்கியார் வாக்கியத்தை முடிக்கும் மூச்சில் ஆர்கன் பதில் சொல்லும். கோரி சிறுவயது முதல் வளர்ந்தது அந்த மரபில். அவருடைய ‘சர்ச்’ ஆல்பம் 2025-இல் கிராமி வாங்கியதும் ரூட்ஸ் காஸ்பல் (மரபுவழி தேவாலய இசை) பிரிவில்தான். அவரிடம் ஜாஸ் மட்டும் தேடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நள்ளிரவு_நாதம்:
மிக்க நன்றி. உள்ளங்கையால் விசைகளைத் தேய்த்து இழுக்கும்போது கை வலிக்கிறது, பாதியில் ஒலியும் விட்டுப்போகிறது. இதற்கு வழி உண்டா?

டோன்வீல்91:
வெயிட்டட் கீபோர்டின் குணம் அது. விசையின் முன்விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் தோலில் உராய்கிறது, அடிவரை போனால்தான் ஒலி கிளம்புகிறது. ஹேமண்டில் விளிம்பு மழுங்கி இறங்கியிருக்கும், மேலே லேசாகத் தொட்டாலே ஒலி வந்துவிடும். மெனுவில் ஆர்கனுக்கு ‘ஹை ட்ரிகர்’ (விசை மேலே இருக்கும்போதே ஒலி கிளம்பும் அமைப்பு) இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 61 விசை செமி-வெயிட்டட் கீபோர்டு ஒன்றை மிடியில் மேலே இணைப்பதே நல்லது.

தகதகிட:
‘லிங்கஸ்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்னார்க்கி பப்பியின் தலைவர் மைக்கேல் லீக் எழுதியது. ஸ்னார்க்கி பப்பி 2013 அக்டோபரில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹெட்ஃபோன் அணிந்த ரசிகர்கள் நடுவே அமர்ந்திருக்கப் பதிவு செய்தது. பாட்டில் 5/4 (ஐந்து அடி) தாளம் வருகிறது. நமக்கு இது எளிது: வாயால் ‘தக தகிட’ சொல்லிக்கொண்டே பாஸ் வரியை இடது கையால் வாசியுங்கள். அது தானாக ஓடும்வரை வலது கையைத் தொடாதீர்கள்.

ரசிகர்கள் வேகத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பொறுமை. சின்னச் சின்ன வாக்கியம், நடுவே வெற்றிடம், ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைப்பது, அதற்குப் பிறகே அடர்த்தி. முதல் 16 ஆவர்த்தனத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் பிறகு ஏற மாடி இருக்காது.

அந்த சோலோ ஆர்கனில் அல்ல, சின்தசைசரில். சின்த் அமைப்புக்கு: மோனோ லீட் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) வைத்தால் பின்னால் வரும் கோர்டுகள் விழாது, பாலி (பல சுரம்) வையுங்கள். ரிலீஸ் (விசையை விட்ட பின் ஒலி தேயும் நேரம்) 100 மில்லிநொடிக்குள் இருக்கட்டும், கூடினால் வேகமான சுரங்கள் குழம்பும். பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் வீல்) 2 செமிடோன். கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பவர்கள் கமகத்துக்கு இடது கையைப் பழக்குவது போலவே இதையும் பழக்க வேண்டும். வீல் நடுவுக்குத் திரும்பும் முன் அடுத்த விசையை அழுத்தினால் அந்தச் சுரம் சுருதி தவறித் தொடங்கும். இவை கோரியுடைய பேட்சின் (ஒலி அமைப்பின்) எண்கள் அல்ல, வாசிக்க வசதியான தொடக்கம். 60 விழுக்காடு வேகத்தில் நான்கு நான்கு ஆவர்த்தனமாக எடுங்கள்.

சுழல்கொம்பு:
இன்னொன்று. உண்மையான பி-3 எங்காவது வாசிக்கக் கிடைத்தால்: ‘ஸ்டார்ட்’ சுவிட்சை 8 நொடி பிடியுங்கள், விடாமலே ‘ரன்’ போட்டு இன்னும் 4 நொடி பிடித்து, பிறகு விடுங்கள். முன்பே விட்டால் டோன்வீல் (ஒலியை உருவாக்கும் சுழல் சக்கரங்கள்) முழு வேகத்தைப் பிடிக்காது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்கன் என்றால் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. அதன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடினால் சுருதி ஏறக்குறைய மூன்று செமிடோன் இறங்கிவிடும். ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.